அண்டை வீட்டு அலமாரி: இந்தக் கோடைக்குச் சில புத்தகங்கள்

தமிழ் வாசகர்களுக்கு ஜனவரி புத்தகம் வாங்கும் மாதம். வாங்கியதைப் படிக்கும் காலம் கோடைதான். பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கிவந்தவை, நிதியாண்டின் இறுதி அலுவல்களும் பிள்ளைகளின் தேர்வுகளும் முடியும்வரை அலமாரியில் காத்திருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் மூடி, வெயில் நம்மை வீட்டுக்குள் அமர்த்திய பிறகே அவற்றின் முறை வருகிறது. இப்பருவத்தில் செய்தித்தாள்களும் இதழ்களும் கோடை வாசிப்புக்கான பட்டியல்களை வெளியிடுவதற்கும் அதுவே காரணம்.

அத்தகைய பட்டியல் ஒன்றை நாமும் இங்கே தருகிறோம். ஆனால் ஒரு வரையறையோடு. இதில் இடம்பெறும் நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் பிற இந்திய மொழிகளில் எழுதப்பட்டவை, அல்லது பிற மாநிலங்களின் வாழ்வைச் சொல்பவை. இப்படி வரையறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

2025 மே 20 அன்று லண்டனில் உள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சர்வதேச புக்கர் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற நூல் 'ஹார்ட் லேம்ப்'; கன்னடத்தில் எழுதியவர் பானு முஷ்தாக், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் தீபா பஸ்தி. பானு முஷ்தாக் வாழும் ஹாசன் நகரம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில் உள்ளது. அவர் பல பத்தாண்டுகளாக எழுதிவருபவர். ஆறு சிறுகதைத் தொகுப்புகளின் ஆசிரியர். அவருடைய கதை ஒன்றைக் கொண்டு இயக்குநர் கிரீஷ் காசரவள்ளி 2004இல் 'ஹசீனா' என்ற திரைப்படத்தை எடுத்தார். இருந்தும் நம்மில் பெரும்பாலோர் அவருடைய பெயரை முதன்முதலாகக் கேட்டது லண்டனிலிருந்து வந்த செய்தியில்தான்.

ஹாசன் நமக்கு அறிமுகமாவதற்கு லண்டன் வரை சென்று திரும்ப வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பணம் அனுப்ப இன்று சில நொடிகள் போதும். ஓர் எல்லையைக் கடந்து ஒரு நல்ல கதை வந்து சேர்வதற்கோ பல ஆண்டுகள் ஆகின்றன. சில கதைகள் வந்து சேர்வதே இல்லை. இந்தக் கோடையில் அந்த இடைவெளியைச் சற்றேனும் குறைக்கலாம் என்பதே நம் எண்ணம்.

ஹாசனில் ஏற்றிய விளக்கு

முதல் பரிந்துரை 'ஹார்ட் லேம்ப்' நூலாகத்தான் இருக்க முடியும். 1990க்கும் 2023க்கும் இடையே எழுதப்பட்ட கதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு இதில் அடங்கியுள்ளன. சர்வதேச புக்கர் பரிசைச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று பெற்றது இதுவே முதல்முறை. கன்னடத்துக்கு அப்பரிசு கிடைத்ததும் முதல்முறை. இந்திய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைப் பெற்றதும் முதல்முறை.

1948இல் பிறந்த பானு முஷ்தாக் ஒரு வழக்கறிஞர். அதற்கு முன் 'லங்கேஷ் பத்ரிகே' இதழில் செய்தியாளராகப் பணியாற்றியவர்; கன்னட இலக்கியத்தில் சாதியையும் ஆணாதிக்கத்தையும் எதிர்த்து எழுந்த பண்டாய இயக்கத்தின் வழியே வளர்ந்தவர். அவருடைய கதை மாந்தர் பெரும்பாலும் கருநாடகத்துச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் இசுலாமியப் பெண்கள்: கணவன் மறுமணம் செய்துகொள்வதைத் தடுக்க இயலாதவர்கள், பள்ளிவாசல் நிருவாகியின் வாசலில் நீதி கேட்டு நிற்பவர்கள், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே அலைக்கழிக்கப்படுபவர்கள். இக்கதைகளில் துயரம் மட்டுமே உள்ளது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அண்டை அயலாரின் பேச்சு, பிள்ளைகளின் குறும்பு, பாட்டிமார்களின் வாய்த்துடுக்கு என நகைச்சுவையும் இவற்றில் நிறைந்துள்ளது.

நூலுக்குப் பெயர் தந்த கதையில் மெஹ்ருன் என்ற பெண் வருகிறாள். கணவன் வேறொருத்தியை நாடிச் சென்றுவிட, அவள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். உடன்பிறந்தோர் குடும்ப மானத்தைக் காரணம் காட்டி அவளை மீண்டும் கணவன் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகின்றனர். அன்றிரவு அவள் மண்ணெண்ணெயைக் கையில் எடுக்கிறாள். அவளுடைய மூத்த மகள் சல்மா என்ன செய்கிறாள் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அதை வாசகரே படித்தறிய வேண்டும்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இன்னொரு நூல் நினைவுக்கு வராமல் இராது. இமையம் எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'செல்லாத பணம்' நாவலும் ஒரு பெண்ணையும் தீயையும் பற்றியதே. அங்கே நாவலின் பெரும்பகுதி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வாசலில் நிகழ்கிறது. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அது செல்லுபடியாகாத ஓர் இடம் உண்டு என்பதைப் பெற்றோர் அந்த வாசலில்தான் உணர்கின்றனர். ஹாசனில் எழுதப்பட்ட கதையும் தமிழகத்தில் எழுதப்பட்ட நாவலும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே தீயின் முன் நிற்கின்றன. அண்டை மொழியில் படிப்பதால் நமக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு இதுவே ஒரு விடை. வேற்றூரைப் பார்க்கச் செல்கிறோம். நம் வீட்டை அங்கே காண்கிறோம்.

தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். கன்னட, உருது, அரபுச் சொற்களை அவர் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டவில்லை, அடிக்குறிப்புகளும் தரவில்லை. அச்சொற்கள் கதைக்குள் தம் இயல்பிலேயே நடமாடுகின்றன. ஆங்கிலத்தை இந்தியக் காதோடு படிக்கும் நமக்கு இது ஒரு தடையே அன்று. அன்னியமான ஓர் ஆங்கிலம் நம் தெருவுக்குள் வந்துவிட்டது போலவே தோன்றும்.

சட்டையும் சாளரமும்

இந்தியில் எழுதியவர்களுள் வினோத் குமார் சுக்லாவை இக்கோடையில் படிக்க இரு காரணங்கள் உள்ளன. 2024ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்கென 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. சத்தீஸ்கர் மாநிலத்திலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல் எழுத்தாளர் அவரே. அதே ஆண்டு டிசம்பரில், 89ஆம் அகவையை எட்டச் சில நாள்களே இருந்தபோது, அவர் மறைந்தார். ராஜ்நாந்த்காவ்ன் என்ற ஊரில் பிறந்து, ராய்ப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, ஆரவாரம் ஏதுமின்றி எழுதிவந்தவர் அவர்.

அவருடைய முதல் நாவல் 'நௌகர் கீ கமீஸ்', அதாவது 'வேலைக்காரனின் சட்டை', 1979இல் வெளியானது. அலுவலக எழுத்தர் ஒருவரின் கதை அது. மேலதிகாரியின் வீட்டில் வேலைக்காரனுக்கென்று தைத்து வைத்த சட்டை ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவனே சிறந்த வேலைக்காரன் என்பது அதிகாரியின் கருத்து. அது எழுத்தருக்குப் பொருந்திவிடுகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எவருக்கும் இந்தச் சட்டையின் இறுக்கம் புரியும். இதைக் கொண்டு மணி கௌல் திரைப்படம் ஒன்றையும் எடுத்தார். நாவலைச் சத்தி கன்னா ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார்.

சுக்லாவின் இன்னொரு நாவல் 'தீவார் மே ஏக் கிடுக்கீ ரஹ்தீ தீ'. சுவரில் ஒரு சாளரம் குடியிருந்தது என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறிய ஊரொன்றில் கணித ஆசிரியராக இருக்கும் இளைஞரும் அவருடைய மனைவியும் ஒற்றை அறையில் குடியிருக்கின்றனர். அந்த அறையின் சாளரத்தைத் தாண்டினால் ஆறும் குளமும் அவர்களுக்கே உரிய ஓர் உலகமும் விரிகின்றன. பணம் இல்லாத வாழ்க்கையை இரக்கத்துக்குரியதாகக் காட்டாமல், அதன் செல்வத்தைச் சொன்ன அரிய நாவல்களுள் இது ஒன்று. வெளிவந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு இளைய தலைமுறை இதைத் தேடிப் படித்தது. 2025 செப்டம்பரில் ராய்ப்பூரில் நடந்த ஒரு விழாவில் இந்நாவலுக்கான உரிமைத்தொகையாக ரூ.30 லட்சத்துக்கான காசோலையை அவர் பெற்றுக்கொண்டது நாடெங்கும் செய்தியாயிற்று. இந்திய மொழிகளில் எழுதுவோர்க்குச் செய்தி அந்தத் தொகையில் மட்டும் இல்லை. தரமான எழுத்துக்கு வாசகர் இருக்கின்றனர், நூல் சரியாகச் சென்று சேர்ந்தால் அவர்கள் வாங்குகின்றனர் என்பதே அவர்களுக்கான செய்தி.

இந்தியிலிருந்து மற்றொரு நூல், கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி'. 2018இல் வெளியான இந்நாவலை டெய்சி ராக்வெல் 'டூம் ஆஃப் சாண்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். இந்திய மொழி ஒன்றிலிருந்து சென்று 2022இல் முதன்முதலாகச் சர்வதேச புக்கர் பரிசை வென்ற நூல் இதுவே. தமிழிலும் 'மணல் சமாதி' என்ற பெயரில் வந்துள்ளது. கணவர் இறந்தபின் உலகத்துக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொள்ளும் எண்பது வயது மூதாட்டி, ஒருநாள் எழுந்து, எவரும் எதிர்பாராத பாதையில் நடக்கத் தொடங்குகிறார். அந்த நடை பிரிவினையின் எல்லைக்கோட்டையும் கடந்து செல்கிறது. அளவில் பெரிய நூல். பொறுமை கேட்கும் நடை. முதல் ஐம்பது பக்கங்களைக் கடந்துவிட்டால் மூதாட்டியே நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார்.

ஒரு தாய், ஒரு தீர்ப்பு

2025 செப்டம்பரில் இந்திய வாசகர்கள் நெடுநாள் காத்திருந்த இரு ஆங்கில நூல்கள் வெளிவந்தன. முதலாவது, அருந்ததி ராய் தம் தாயைப் பற்றி எழுதிய 'மதர் மேரி கம்ஸ் டு மீ'. மகள் எழுத்தாளர் என்பதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கவில்லை. தாய் மேரி ராய் இந்தியக் குடும்பங்களின் சொத்து வரலாற்றில் நிலையான இடம் பெற்றவர் என்பதே காரணம்.

கேரளத்துச் சிரியன் கிறித்தவப் பெண்களின் வாரிசுரிமையை நெடுங்காலம் 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டமே தீர்மானித்தது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது ரூ.5,000, இவ்விரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அச்சமூகத்துப் பெண்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் தீர்ப்பு வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உறுதியாயிற்று. கோட்டயத்தில் அவர் 1967இல் தொடங்கிய பள்ளி இன்று 'பள்ளிக்கூடம்' என்ற பெயரிலேயே விளங்குகிறது. அதன் கட்டடங்களை உருவாக்கியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

சட்டப் புத்தகங்களில் மேரி ராய் ஒரு வழக்கின் பெயர். மகளின் நூலிலோ அவர் அன்பும் கடுமையும் ஒருசேரக் கொண்ட, எளிதில் விளங்காத ஒரு மனிதர். பொதுவாழ்வில் பிறருக்கு விடுதலை பெற்றுத் தந்தவர், வீட்டுக்குள் தம் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தார் என்பதை மறைக்காமல் எழுதுவது எளிதன்று. பெற்றோரைப் பற்றி எண்ணும்போது நன்றிக்கும் வருத்தத்துக்கும் இடையே தடுமாறும் எவருக்கும் இந்நூல் துணை நிற்கும்.

இரண்டாவது நூல், கிரண் தேசாயின் 'த லோன்லினெஸ் ஆஃப் சோனியா அண்ட் சன்னி'. 2006இல் புக்கர் பரிசு பெற்ற பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட நாவல். 2025ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் வாழும் இந்திய இளைஞர் இருவருக்குத் தாத்தா பாட்டிமார் மணம் பேச முயல்வதும், பின்னர் அவ்விருவரும் இரவு இரயிலில் சந்திப்பதுமாகக் கதை விரிகிறது. ஏறக்குறைய எழுநூறு பக்கங்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர், விடுமுறையின் நீண்ட பகல்களுக்கு இதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வந்து சேர்ந்தவை

இதுவரை சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தில் படிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தின் உதவியின்றியே அண்டை மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்த நூல்கள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதவர்களுக்கு எளிய வழிகாட்டி ஒன்று உண்டு. சாகித்திய அகாதெமி 1989 முதல் மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பரிசு வழங்கிவருகிறது. 24 மொழிகளிலும் ஒவ்வோர் ஆண்டும் அப்பரிசைப் பெற்ற நூல்களின் பெயர்கள் வெளியாகின்றன. அண்மைய ஆண்டுகளில் தமிழில் பரிசு பெற்றவற்றைப் பார்த்தாலே அந்தப் பட்டியல் எத்தனை பரந்தது என்பது விளங்கும்.

2018ஆம் ஆண்டுக்கான பரிசு குளச்சல் மு. யூசுப் மலையாளத்திலிருந்து பெயர்த்த 'திருடன் மணியன்பிள்ளை' நூலுக்குக் கிடைத்தது. ஒரு திருடர் தம் வாழ்வைச் சொல்ல, எழுத்தாளர் ஜி.ஆர். இந்துகோபன் அதை எழுத்தாக்கினார். பூட்டையும் பெட்டகத்தையும் நம்பி உறங்கும் நமக்கு, மறுபக்கத்தில் நிற்பவர் உலகை எப்படிப் பார்க்கிறார் என்பதை இந்நூல் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குவோம். முடிக்கும்போது சிரிப்பு நின்றிருக்கும்.

2019ஆம் ஆண்டுக்கான பரிசு கே.வி. ஜெயஸ்ரீ பெயர்த்த 'நிலம் பூத்து மலர்ந்த நாள்'. மலையாளத்தில் மனோஜ் குரூர் எழுதிய இந்நாவல் சங்க காலத்தைக் களமாகக் கொண்டது. பாணரும் கூத்தரும் அடங்கிய ஒரு கூட்டம் வறுமை துரத்த வள்ளல்களைத் தேடிப் புறப்படுகிறது. ஆசிரியர் வடசொற்களைத் தவிர்த்து, திராவிட வேர்ச்சொற்களையே கொண்டு மலையாளத்தில் இதனை எழுதினார். நம்முடையது என்று நாம் உரிமை கொண்டாடும் ஒரு காலத்தை மலையாள எழுத்தாளர் தமக்கும் உரியதாக உணர்ந்து எழுத, அது மீண்டும் தமிழுக்கு வந்திருக்கிறது. பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் பள்ளிப் பாடமாக மட்டுமே அறிந்த இளையோர்க்கு இதைவிடச் சிறந்த வாயில் வேண்டுவதில்லை.

2021ஆம் ஆண்டுக்கான பரிசைப் பெற்றது மாலன் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த 'ஒரு பிணந்தூக்கியின் வரலாற்றுக் குறிப்புகள்'. சைரஸ் மிஸ்திரியின் இந்நாவல் மும்பையின் பார்சிச் சமூகத்துக்குள் ஒதுக்கிவைக்கப்பட்ட பிணந்தூக்கிகளின் வாழ்வைச் சொல்கிறது. மதகுருவின் மகன் ஒருவன் காதலுக்காக அவ்வாழ்வைத் தானே ஏற்கிறான். தொழில் வளத்துக்கும் கொடைக்கும் பெயர்பெற்ற ஒரு சமூகத்தின் உள்ளேயும் தீண்டாமை இருந்தது என்ற செய்தி பலருக்குப் புதிது.

2022ஆம் ஆண்டுக்கான பரிசு கே. நல்லதம்பி கன்னடத்திலிருந்து பெயர்த்த 'யாத் வஷேம்'. நாத்சிகளின் கொடுமைக்குத் தப்பி பெங்களூருக்கு வந்து சேரும் யூதச் சிறுமி ஒருத்தி, பின்னாளில் தன் குடும்பத்தைத் தேடிச் செல்லும் கதையை நேமிசந்திரா எழுதியுள்ளார். 2023ஆம் ஆண்டுக்கான பரிசு கண்ணையன் தட்சிணாமூர்த்தி பெயர்த்த 'கருங்குன்றம்'. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மமாங் தய் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவே திபெத்துக்குச் செல்ல முயன்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் வரலாற்றையும், அம்மலைகளின் பழங்குடிக் காதலர் இருவரின் கதையையும் பின்னிச் செல்கிறது. தமிழில் வடகிழக்கு மாநிலங்களின் இலக்கியம் மிகக் குறைவு. ஆதலால் இந்நூலுக்குத் தனி மதிப்பு உண்டு. 2024ஆம் ஆண்டுக்கான பரிசு, நளினி ஜமீலாவின் தன்வரலாற்று நூலை 'எனது ஆண்கள்' என்று மலையாளத்திலிருந்து பெயர்த்த ப. விமலாவுக்குக் கிடைத்தது. முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும் உரியது.

பரிசுப் பட்டியலுக்கு வெளியே இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்' நூறு பக்கங்களைச் சற்றே தாண்டும் குறுநாவல். கே. நல்லதம்பியே இதையும் தமிழாக்கியுள்ளார். பெங்களூரில் சிறு வீட்டில் ஒற்றுமையாய் வாழ்ந்த ஒரு குடும்பம் மசாலாப் பொடி வணிகத்தில் திடீர்ச் செல்வம் அடைகிறது. வீடு பெரிதாகிறது, வீட்டில் உள்ளவர்கள் வேறு யாரோ ஆகின்றனர். செல்வம் சேர்ப்பதைப் பற்றி எத்தனையோ நூல்கள் உள்ளன. சேர்ந்த செல்வம் மனிதரை என்ன செய்கிறது என்று இத்தனை சுருக்கமாகச் சொன்ன நூல்கள் மிகச் சிலவே. ஒரே நாளில் படித்து முடிக்கலாம், மறப்பதற்கு நாளாகும்.

முன்னோர் சேர்த்து வைத்தது

பிற மொழி இலக்கியம் தமிழருக்குப் புதிய பழக்கம் அன்று. 1940களிலும் 50களிலும் மராத்தி எழுத்தாளர் வி.ஸ. காண்டேகர் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பெயராக விளங்கினார். அதற்குக் காரணம் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியைக் கற்று நேரடியாகப் பெயர்த்தமையே. தாகூரையும் வங்க நாவல்களையும் த.நா. குமாரஸ்வாமி வங்கமொழியிலிருந்தே தந்தார். தகழியின் 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' போன்ற பெரும் நாவல்களை எளிய விலையில் கொண்டுவந்தது. அதனைப் பெயர்த்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி.

அவற்றுள் ஒன்றை இவ்வாண்டு மீண்டும் எடுத்துப் படிப்பது பொருத்தமாக இருக்கும். கன்னடத்தின் பெரும் நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா 2025 செப்டம்பர் 24 அன்று மறைந்தார். அவருடைய 'கிருஹபங்க' நாவலை எச்.வி. சுப்பிரமணியம் 'ஒரு குடும்பம் சிதைகிறது' என்று தமிழாக்கியுள்ளார். கதைத் தலைவி நஞ்சம்மா, ஊர்க் கணக்கராக இருந்தும் கணக்கு எழுதத் தெரியாத கணவனுக்குப் பதிலாகத் தாமே கணக்குகளை எழுதிக் குடும்பத்தைக் காக்கிறார். கொள்ளைநோயும் வறுமையும் வீட்டை ஒவ்வொன்றாய்ப் பறிக்கையில் அந்தக் கணக்குப் புத்தகம் மட்டுமே அவருக்குப் பிடிமானமாய் இருக்கிறது. தன் கையெழுத்துக்கு மதிப்பில்லாத காலத்தில் ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தாங்கிய பெண்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருந்திருப்பர். அவர்களை நஞ்சம்மாவில் காணலாம்.

வழி எதிர்த்திசையிலும் திறந்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி', ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் பெயர்த்த வடிவில் 2023ஆம் ஆண்டுக்கான ஜே.சி.பி. இலக்கியப் பரிசை வென்றது. பிரியம்வதா ராம்குமார் பெயர்த்த ஜெயமோகனின் 'அறம்' கதைகளும் இந்தியாவுக்கு வெளியே வாசகரைப் பெற்றுள்ளன. மும்பையிலோ டெல்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தினர், தமிழ் படிக்கத் தெரியாத நண்பருக்கு இவற்றுள் ஒன்றைப் பரிசளிக்கலாம்.

பிள்ளைகளுக்கு

தாத்தா பாட்டி வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு முதலில் தேவை கட்டாயம் இல்லாத புத்தகங்கள். சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளில் படக்கதைகளை வெளியிடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழி நூல்கள், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரி வீவர்' இணையதளத்தில் பல மொழிகளின் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையும் இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கைப்பேசியில் மூழ்க வேண்டாம். மதிய வேளையில் அரைமணி நேரம் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து தத்தம் புத்தகத்தைப் படிப்பது, எந்த அறிவுரையையும்விட வலியது.

சிறுகச் சிறுக

இத்தனை நூல்களா என்று மலைக்க வேண்டியதில்லை. தொடர் வைப்புக் கணக்கின் தத்துவம் வாசிப்புக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு இருபது பக்கம் என்று வைத்துக்கொண்டால் அறுபது நாளில் 1,200 பக்கங்கள் சேர்ந்துவிடும். நடுத்தர அளவுள்ள நான்கைந்து நூல்களுக்கு அது போதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அபராதமும் இல்லை.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் அன்றைய சென்னை மாகாணமே. தமிழகத்தில் சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்திவருகிறோம். ஆகவே கிளை நூலகத்துக்குச் சென்று இந்நூல்களைக் கேட்பது, நமக்கு உரிய சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்வது போன்றதே. நூல் இல்லை எனில், வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவதற்கும் வழி பிறக்கும்.

நூலைக் கையில் எடுத்ததும் மொழிபெயர்ப்பாளரின் பெயர் எங்கே உள்ளது என்று பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூலமொழியிலிருந்து நேரடியாகப் பெயர்க்கப்பட்டதா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் பார்க்கலாம். சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டு தொகை, ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்து வழங்கப்படுகிறது. ஒரு நூல் இரு கைகளால் எழுதப்படுகிறது என்பதை அந்தப் பங்கீடு ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டில் ஒரு மொழியைக் கற்று, பல மாதங்கள் உழைத்து, ஒரு நாவலைத் தமிழுக்குக் கொண்டுவருபவரின் பெயர் பெரும்பாலும் வாசகரின் நினைவில் நிற்பதில்லை. பெயர் நினைவில் நின்றால் அவருடைய அடுத்த நூலைத் தேடுவோம். தேடினால் பதிப்பகம் அவரிடம் அடுத்த நூலைக் கேட்கும். கா.ஸ்ரீ.ஸ்ரீ. போன்றோர் உருவானதும் அவ்வாறே.

ஹாசனின் கதை லண்டனைச் சுற்றிக்கொண்டு நமக்கு வந்தது. ராய்ப்பூரிலோ கோட்டயத்திலோ இம்பாலிலோ புவனேசுவரத்திலோ இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் நம்மிடம் நேராகவே வந்து சேரலாம். அதற்கு இந்தக் கோடையில் அண்டை மொழியிலிருந்து ஒரே ஒரு நூலை எடுத்துப் படித்தாலே தொடக்கம் அமைந்துவிடும்.